வந்துட்டுப் போனவள்

மே 8, சனி

அக்னி வெயில். பாதுகாப்பு கிட்டைக் கழற்றியபோது சுடிதாரைப் பிழியலாம் போல இருந்தது. ஒரு டம்ளர் மோர், அதுவும் நின்றுகொண்டே.

மாடி மூலை அறை இனி கொரோனா வந்த டயாலிசிஸ் ஆட்களுக்கு மட்டும். ஒரே மெஷின், இரண்டு பேர். திங்கள், புதன், வெள்ளி காதர் பாய், பாத்திரக்கடை வைத்திருப்பவர். செவ்வாய், வியாழன், சனி சோழபுரம் பாக்கியம் அக்கா. சிறுநீரகம் போகும்வரை மில் வேலை. இரண்டு பேரையும் மெஷினில் ஏற்றிவிட நான் மட்டும். மேனேஜர் சொன்ன காரணம் ஒரே வரி: "ஒங்களுக்குத்தான் போன ஆகஸ்ட்லயே வந்துட்டுப் போயிருச்சேம்மா."

இன்னொரு டெக்னீசியன் செல்வம். அவனுக்கு இதுவரை வரவில்லை. அவன் மனைவிக்கு இது பிரசவ மாதம். கீழ்த்தளத்தில் மற்ற எல்லோரையும் அவன் பார்க்கிறான்.

ஜனவரியில் தடுப்பூசி போட்டபோது பால் கொடுக்கிறவர்களுக்குக் கிடையாது என்றார்கள். பிறகு நானும் விசாரிக்கவில்லை. உள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது என்று ஒரு தெம்பு.

நாளை லீவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரியிலேயே தங்கி ஆறு நாள். என் மகள் குட்டிக்கு ஒன்றேகால் வயது, அம்மாவிடம் இருக்கிறாள். எனக்குப் பால் கட்டி இரண்டு பக்கமும் கல்.

வாங்க: டெட்டால் சோப்பு, குட்டிக்கு பிஸ்கட், அம்மாவுக்குச் சுகர் மாத்திரை.

மே 10, திங்கள்

முழு ஊரடங்கு. பஸ் இல்லை. வீட்டுக்காரர் கணேசன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். மில் மூடியதால் அவரும் அம்மா வீட்டில்தான்.

நேற்று நாள் முழுக்கக் குட்டி மடியை விட்டு இறங்கவில்லை. அம்மா முதலில் வாசலிலேயே நிறுத்தினாள். "நீ உள்ள வரலாமாட்டி?" "எனக்கு ஒரு தடவ வந்துட்டுப் போயிருச்சும்மா. இனி வராது." குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மாஸ்க் போடவில்லை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். மத்தியானம் அம்மா, குட்டி, நான் மூன்று பேரும் ஒரே பாயில் தூங்கினோம்.

இன்று காதர் பாய். நோன்பு வைக்க முடியவில்லை என்று வருத்தம். நான்கு மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ரூமுக்குள்ள வர ஒங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"எனக்கு ஏற்கெனவே வந்துருச்சு பாய். திரும்ப வராது."

"எம்புட்டு நாளைக்கு வராது?"

ஊசியின் மேல் பிளாஸ்திரியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். முடிந்ததும் நேராக லேபுக்குப் போய் எதிர்ப்புச் சக்தி டெஸ்டுக்குக் கையை நீட்டினேன். நாளை ரிசல்ட்.

மே 11, செவ்வாய்

காற்றே இல்லை. பாக்கியம் அக்காவுக்கு பி.பி. இறங்கி இறங்கி ஏறியது.

டாக்டரம்மா கூப்பிட்டார். மார்ச்சில் எடுத்தபோது எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்ததாம். இப்போது இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்குத்தான்.

"அப்ப எனக்குத் திரும்ப வருமா டாக்டர்?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். இந்த நம்பரை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது ஜெயந்தி. ஒருத்தருக்கு ரொம்ப நாள் தாங்குது, ஒருத்தருக்குத் தாங்கல. ஏன்னு யாருக்கும் இன்னும் சரியா தெரியல."

"என்னை மாத்துவீங்களா?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். மதுரை, விருதுநகர், திருநெல்வேலி. காலையிலிருந்து கூப்பிட்ட நம்பர்கள். எங்கேயும் கொரோனா வந்தவருக்கு டயாலிசிஸ் இடம் இல்லை. "நீ வேண்டாம்னா நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். ஆனா அவங்க ரெண்டு பேரையும் எங்க அனுப்புறதுன்னு எனக்குத் தெரியல."

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. பாத்ரூமில் போய்ப் பாலைப் பிழிந்து ஊற்றினேன். ஓடிவிடலாம் என்றுதான் இருக்கிறது. பஸ் இருந்தால் ஓடியிருப்பேனோ.

மே 12, புதன்

காலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல. வெயில்தான் என்று நினைத்தேன். மூலை அறையில் பிளீச்சிங் கரைத்தேன். வாடை வரவில்லை. குனிந்து முகர்ந்தேன். கண் எரிந்தது. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

டெஸ்ட். பாசிட்டிவ்.

பயம் எனக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரே பாய். கணேசனுக்குப் போன். "பிள்ளய நான் தனியா வச்சுக்கிடுதேன். அத்தைகிட்ட நானே சொல்லுதேன். நீ பொறவு பேசு" என்றார். திட்டியிருக்கலாம்.

வெளியே காதர் பாய் வந்து காத்திருந்தார். மூச்சு வாங்குகிறது, கால் வீக்கம். இன்றைக்கு ஏற்றாவிட்டால் நுரையீரலில் நீர் கட்டும். டாக்டரம்மா என்னைப் படுக்கச் சொன்னார். நான் கேட்டேன்: "அவருக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. இனி என்னால அவருக்கு என்ன வந்துரப் போகுது டாக்டர்?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்றார். இப்போது 97.

பாயிடம் மறைக்கவில்லை. "பாய், எனக்குத் திரும்ப வந்துருச்சு." அவர் தன் ஊசி போடுகிற கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

மே 13, வியாழன்

காய்ச்சல் 101. ஆக்ஸி. 95.

அம்மாவுக்கு நேற்று சாயங்காலமே காய்ச்சலாம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறாள். கணேசன், அம்மா, குட்டி மூவருக்கும் மூக்கில் எடுத்திருக்கிறார்கள். குட்டி கத்திய கத்தல் போனில் கேட்டது. வைக்காமல் கேட்டேன்.

பாக்கியம் அக்காவுக்கு முதல் ஊசி சரி. இரண்டாவது ஊசி நரம்பு தவறிப் புடைத்துவிட்டது. ஏழு வருட வேலையில் இப்படி ஆனதில்லை. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஏட்டி, நின்னுக்கிட்டு ஏன் குத்துத? செத்த நேரம் உக்காரு. உக்காந்துக்கிட்டே போடு." அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து போட்டேன். நான்கு மணி நேரமும் அங்கேயே. இடையில் தூங்கிவிட்டேன். மெஷின் கத்தியதும் அக்காதான் தட்டி எழுப்பினாள்.

மே 14, வெள்ளி

பெருநாள். காதர் பாய் புதுச் சட்டையில் வந்தார். வீட்டில் யாரையும் தொடாமல் ஜன்னல் வழியே பேசிவிட்டு வந்தாராம். என் நிலைமையைப் பார்த்து, "இன்னைக்கு ரெண்டு மணி நேரம் போதும்மா" என்றார். மூன்றரை ஓட்டினேன். அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

இறங்கி வரும்போது 92. கட்டில், மாஸ்க், ஊசி. என் செருப்பை டாக்டரம்மாவே கழற்றினார்.

மே 15, சனி

நேற்று விட்ட இடம் தெரியவில்லை. படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆக்ஸி. குழாயோடு 95.

காலையில் செல்வம் கதவருகே நின்றான். கீழே பாக்கியம் அக்கா ஆட்டோவில் காத்திருக்கிறாள். கிட் அவன் கையில், இன்னும் போடவில்லை.

"அக்கா, எனக்கு இன்னும் வந்துட்டுப் போகலையே."

"எனக்கு வந்துட்டுப் போனதப் பாத்தேல்ல."

மனைவிக்கு போன் போட்டான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. பிறகு கிட்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினான். அவனுக்கு வந்தால் அதுவும் என் கணக்குதான்.

பதினோரு மணிக்கு கணேசன். குட்டிக்கு இல்லை. அவருக்கும் இல்லை. அம்மாவுக்கு இருக்கிறது. ஸ்ரீவி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. சுகர் முந்நூறுக்கு மேல், நெஞ்சில் சளி. நான் அழுததில் குழாய் கழன்றுவிட்டது.

மத்தியானம் அம்மாவே கூப்பிட்டாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

"நீ... ஒன்னும் நெனைக்காத. ஒன்னால வரல. ரேஷன் கடை வரிசையில... நின்னேம்லா, திங்கக்கெழம. அங்கதான் ஒட்டியிருக்கும்."

"சரிம்மா" என்றேன்.

அம்மாவின் ரேஷன் கார்டு போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கைப்பையில்தான் இருக்கிறது.