முப்பத்தைந்து கிராம் ஸ்விட்ச்

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பேட்டை ரோடு முழுக்கச் சகதி. இரண்டு முறை கரண்ட் போனது.

ஆங்கில 'ஏ' எழுத்து மறுபடி விழவில்லை. சர்வருக்குப் போன கட்டளையில் ஓர் எழுத்து குறைவு. வாடிக்கையாளரின் இணையதளம் படுத்துவிட்டது. மேனேஜர் திட்டவில்லை. "உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கறதை டிசம்பர்ல பார்ப்போம்" என்றார். திட்டியிருக்கலாம்.

இருக்கும் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் பழுப்பு ஸ்விட்ச். அழுத்த அறுபது கிராம் வேண்டும். கனம். அதனால்தான் 'ஏ' அடிக்கும் இடது சுண்டுவிரல் மரத்துப்போகிறது. இரண்டாவது கீபோர்டு வாங்கியே ஆகவேண்டும். சிவப்பு ஸ்விட்ச் என்றால் 45 கிராம். வெள்ளை, 35. நீலம் வேண்டாம், சத்தம்.

ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடையில் மெக்கானிக்கல் கீபோர்டு கேட்டேன். "மெக்கானிக்கலா? அதுக்கு ஒங்க பேட்டை லேத்துப் பட்டறையில போயி கேளும்வே." கடை முழுக்கச் சிரிப்பு. மடையர்கள்.

நவ. 6, வியாழன்
மேலப்பாளையம். ரஃபீக் வீடு. என்னோடு படித்தவன், நான்கு கீபோர்டு வைத்திருக்கிறான். நான்கிலும் அடித்துப் பார்த்தேன். சிவப்பு வழுக்கல், நன்று. ஆனால் நான்கிலும் 'ஏ' விட்டுப்போனது.

என்னுடையதில் அவன் ஒரு பக்கம் அடித்தான். ஒரு பிழை இல்லை.

"கீபோர்டுல ஒண்ணும் இல்லலே. ஒன் வெரலப் பாரு."

"நீ ஒன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் உம்மா எடுத்து வைத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

நவ. 7, வெள்ளி
வெயில். புழுக்கம்.

அக்கா கேக் செய்து விற்கிறாள். மாவு நிறுக்க டிஜிட்டல் தராசு உண்டு. ஸ்விட்சை கிராமில் தேர்ந்தெடுக்கிறேன் என்றால் விரலையும் கிராமில் பார்க்கத்தானே வேண்டும். ஒவ்வொரு விரலாக முழு பலத்தோடு அழுத்தினேன்.

வலது சுண்டுவிரல் – 1600
இடது மோதிரவிரல் – 400
இடது சுண்டுவிரல் – 180

தராசில் கோளாறு என்று சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தேன். சரியாகக் காட்டியது. மறுபடி சுண்டுவிரல், விடாமல் அழுத்தி. 150. 90. 50க்கும் கீழே.

"ஏலே, மாவு நிறுக்குற தராசுல கைய வச்சு என்னலே பண்ணுத?"

"சும்மா."

"சும்மாவா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எங்க, கையக் காட்டு."

காட்டினேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி. வலக்கையில் அங்கே சதை இருக்கிறது. எப்போது போனதோ. தினமும் பார்க்கிற கைதான்.

நவ. 10, திங்கள்
பாளையங்கோட்டை, நரம்பு டாக்டர். கூட்டம். கையில் ஊசி, கரண்ட் ஷாக், திரையில் கோடுகள்.

இடது முழங்கையில், சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றியே உட்காருவேன், உண்மைதான்.

"மரத்துப்போக ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு தம்பி?"

"ஒரு வருஷம் இருக்கும். ஸ்விட்ச் கனம்னு நினைச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

"ஆபரேஷன் பண்ணினா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். போனதுக்கு நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

பஸ்ஸில் அக்கா டிக்கெட் எடுத்தாள். நான் 35 கிராம் வெள்ளையை ஆர்டர் போட்டேன். வலது கையால்.

நவ. 14, வெள்ளி
தூறல். ஆபரேஷன் அடுத்த வாரம். ஆபீசில் 'சின்ன லீவு' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பார்சல் வந்தது. நல்ல சரக்கு. பூப்போல இறங்குகிறது. முதல் நான்கு வரியில் 'ஏ' ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சொன்னேன் இல்லையா என்று ரஃபீக்குக்குப் படம் எடுத்து அனுப்ப, வலது கையால் போனை எடுத்தேன்.

நிமிர்ந்தால் திரை முழுக்க 'ஏ'. வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. செத்த விரல் விசைமேல் கிடந்திருக்கிறது. அதன் கனமே போதும், முப்பத்தைந்து கிராமுக்கு. கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "என்னலே, ஒரே எழுத்தையே அடிச்சிக்கிட்டு இருக்க?"

நான் அடிக்கவில்லை.