இயற்கைக் காட்சிக்கு நடுவே வைத்த மார்க் ஷீட்

விருதுநகர்,
ஆவணி 20.

அன்பு மகள் ரோஷினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அயர்லாந்துக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டுமென்று அம்மா மாரியம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறாள். நம்ம ஊர் வெயிலில் இருக்கிற மாரியம்மனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உன் வேலையை நிரந்தரமாக்க, இந்த மாதக் கடைசிக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் அசல் வேண்டும் என்று நீ போனில் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை, எடுத்தது நான்தான், வைத்ததும் நான்தான். எங்கே வைத்தேன் என்பதுதான் தெரியவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், என் பக்கத்து நியாயம் வெளியே வராது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அம்மா ஒரு பொருளை வைத்தால் அவள் சொல்கிற சொல்லிலேயே விலாசம் இருக்கும், கவனித்திருக்கிறாயா? சொருகி வச்சிருக்கேன் என்றால் சுவர்க் காலண்டருக்குப் பின்னால். உள்ள வச்சிருக்கேன் என்றால் பீரோ. ஒதுக்கி வச்சிருக்கேன் என்றால் கட்டிலுக்கு அடியில், அது இனி வெளிச்சம் பார்க்காது. முடிஞ்சு வச்சிருக்கேன் என்றால் அவள் முந்தானை, அங்கே நமக்கு வேலை இல்லை. எனக்கு இந்த வித்தை வரவில்லை. எல்லாவற்றுக்கும் பத்திரமா இருக்கு என்று ஒன்றைத்தான் சொல்வேன். அவளோ, நீங்க பத்திரமா இருக்குன்னு சொன்னீகன்னா அந்தச் சாமானுக்குத் தலைமுழுகிற வேண்டியதுதான் என்கிறாள். மூன்று நாள் தேடினோம். கிடைத்தவை: போன மிக்சிக்கு முந்தின மிக்சியின் கியாரண்டி கார்டு, நீ எல்.கே.ஜி.யில் போட்ட ஒற்றைச் சாக்ஸ், அடுத்த தீபாவளிக்கு ஆகும் என்று அம்மா பட்டுச் சேலைக்குள் வைத்திருந்த கம்பி மத்தாப்பு. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மத்தாப்பை மிச்சம் பிடிக்கிற ஒரே குடும்பம் நாம்தான், அதுவும் சேலைக்கு நடுவில். கேட்டால், நமத்துப் போச்சு, ஒண்ணும் செய்யாது என்கிறாள். அப்புறம் எதற்கு வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில், ஆமத்தூர் தாண்டும்போது ஞாபகம் வந்தது. நீ கிளம்பின அன்று மடங்காமல் இருக்கட்டும் என்று அந்த வருஷத்துக் காலண்டர் சாம்பிள் ஆல்பத்துக்குள் வைத்தேன். தாள் கனம், தட்டையாக இருக்கும். சாமிப் படங்களுக்கு நடுவே வைத்தால் யாராவது புரட்டுவார்கள் என்று, ஒருவரும் சீண்டாத இயற்கைக் காட்சிக்கு நடுவே வைத்தேன். திருத்தங்கலில் இறங்கி அம்மாவுக்குப் போன் போட்டேன். சாமிப் படத்தையெல்லாம் கிழிச்சு நம்ம வச்சுக்கிட்டு, அருவியும் அன்னப்பறவையும் நோட்டுக்கு அட்டை போட ஆகும்னு ஜூன் மாசமே பக்கத்து வீட்டு அமீனாவுக்குக் குடுத்துட்டேனே என்றாள்.

அரை நாள் லீவு போட்டுத் திரும்பி நேரே அமீனா வீட்டுக்குப் போனேன். மகள் மஹ்ரீனின் நோட்டுகள் மேசைமேல் இருந்தன, எல்லாவற்றிலும் அருவி. எந்த அருவிக்கு உள்பக்கம் உன் மார்க் ஷீட் ஒட்டியிருக்கிறதோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. அமீனா நிதானமாக, நான்தான் ஆடி மாசமே சொன்னேனேண்ணே, ஒங்க அமானிதம் ஒண்ணு எங்க வீட்ல இருக்குன்னு, நீங்கதான் இருக்கட்டும்மா பெறகு வாங்கிக்கிறேன்னு பஸ்ஸுக்கு ஓடுனீக என்றது. வாஸ்தவம். அம்மா பணியாரம் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டியைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிட்டேன். அடுத்தவர் பொருள் நம்மிடம் வந்தால் அவர் கையில் திருப்பிக் கொடுக்கிறவரை காத்து வைப்பதுதான் அமானிதம். நம் வீட்டு அகராதியில் அதற்கு ஒரு சொல் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றி, பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது. ஏம்மா, எங்க வீட்ல பாண்டிமீனாகிட்டயாவது குடுத்திருக்கலாமே என்றேன். மதினிகிட்டக் குடுத்தா ஒங்களைத்தான வையும், அதான் நீங்களா கேக்கட்டும்னு இருந்தேன் என்றது. எனக்காக ரெண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, பார். மஹ்ரீன் மட்டும் உள்ளேயிருந்து, ரோஷினி அக்கா கணக்குல எழுவத்தொண்ணுதானா மாமா என்றது. தெருவில் நான் தொண்ணூற்றாறு என்று சொல்லிவைத்திருந்தேன். உன் மானம் போனதற்கு மன்னித்துக்கொள்.

மார்க் ஷீட் இந்த உறையிலேயே இருக்கிறது, நாளைக் காலைக் கூரியரில் போகிறது, தேதிக்கு முன்னால் வந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் மத்தியானம் பீரோ முன்னால் நின்றபோது, இது கிடைக்கவில்லை என்றால் வேலை நிரந்தரமாகாது, பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் தேடவில்லை, காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேற்று இதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். வைவாள் என்று பார்த்தால், அன்று பரணில் ஏறி மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டேன் என்று அவள் என்னிடம் சொன்னது பொய்யாம், ஏறவே இல்லையாம். ஏணியைச் சாத்திவிட்டு அதன் கீழேயே நின்றுகொண்டிருந்தாளாம். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பிறகு அவளே போய் உறை வாங்கிக்கொண்டு வந்து விலாசம் எழுதினாள், என் கையெழுத்தை நம்ப முடியாதாம்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாரியம்மன் துணையில் எல்லாம் நல்லபடியாக நடக்கும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. வேலை நிரந்தரமானதும் வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு தருவார்கள் என்பதை மறக்காமல் முதலில் கேட்டு எழுது.

உன் அன்பு அப்பா,
நவநீதகிருஷ்ணன்