புற்றிலிருந்து வந்தவரின் பாட்டும் பெனேயின் பிரெஞ்சும்

அன்பு மகள் உகோன்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், அவள் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முனகுகிறது, என் வாய்க்கு ஒரு நோயும் இல்லை. நீயும் அந்தக் குளிர் நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும்.

நீ கேட்ட மொழிபெயர்ப்பாளர் விஷயம்தான் என் தூக்கத்தைத் தின்றது. பிரெஞ்சும் தெரிய வேண்டும், நம் இக்போவும் தெரிய வேண்டும், பாட்டும் புரிய வேண்டும் என்று எழுதிவிட்டாய், அப்படிப்பட்டவன் சந்தையில் வள்ளிக்கிழங்கு மாதிரி குவிந்தா கிடக்கிறான்? பங்குச் சாமியாருக்குப் பிரெஞ்சில் ஜெபம் மட்டும்தான் வரும். கல்லூரியில் பிரெஞ்சு சொல்லித்தரும் பெண்ணோ, மூதாதையாக வரும் முகமூடியின் பேச்சைப் பெண்பிள்ளை தொட்டால் ஊர் விடுமா என்று கும்பிடு போட்டுவிட்டாள். கடைசியில் பிரெஞ்சு பேசும் கோட்டோனூவில் பிறந்து, அங்கேயே மோட்டார் சாமான் விற்றுவிட்டு வந்த நம் பங்காளி மகன் பெனேயைப் பிடித்தேன். பிரெஞ்சு தண்ணீராய் ஓடும், இக்போ மட்டும் அவன் அம்மா அடுப்படியில் திட்டித் திட்டிக் கற்றுக்கொண்டது.

பாட்டு சேகரிக்க நீ அனுப்பிய பிரெஞ்சுக்கார சொலேன் அம்மா வந்தார். ஊர் மன்றத்தில் விருந்தாளிக்கான கோலாக்கொட்டை உடைத்து, முகமூடியின் பாட்டுகளை உங்கள் புத்தகத்துக்குத் தரலாம் என்று முகமூடிச் சங்கப் பெரியவர் அனெக்வே தலையாட்டப் போகிற நேரத்தில் அந்த அம்மா ஏதோ கேட்டார். பெனே எழுந்து, பெண்களும் பிள்ளைகளும் கேட்க, "முகமூடிக்குள்ள இருக்குற ஆளு யாருன்னு கேக்குறாங்க" என்றான். கரையான் புற்றிலிருந்து எழுந்து வரும் மூதாதையைப் போய் ஆள் என்று சொல்லிவிட்டான்! பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், இளவட்டங்கள் வாசலை மறித்தார்கள், அந்த அம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அனெக்வே தடியை ஓங்கி, "டேய், நீ நம்ம ரத்தம்தானாடா, இல்ல உங்கப்பன் உன்னையும் கடையில வாங்கினானா?" என்று கத்தினார். நான் குறுக்கே விழுந்து, "அண்ணே, ஸ்பேர் பார்ட்ஸ் வித்தவன், எதைப் பாத்தாலும் கழட்டி உள்ள என்னன்னுதான் பாப்பான்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள், தடி இறங்கியது, ஆனால் பாட்டு கிடையாது என்று எழுந்து போய்விட்டார்கள். அந்த அம்மா கேட்டது பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் யார், அதைக் கட்டியவர் யார் என்றுதானாம். வெளியே வந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்கிறான் கழுதை.

பாட்டு வராவிட்டால் புத்தகம் நின்றுவிடும், உன் வேலையும் போய்விடும் என்று நீ எழுதியது நெஞ்சிலேயே நின்றது. விடிந்ததும் அனெக்வே வீட்டு வாசலில் போய்க் கெஞ்சினேன். "அவன் முகமூடிச் சங்கத்துல சேராத பய, அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆட்டோட வரச் சொல்லு, மொதல்ல சேக்கலாம், அப்புறம் பாட்டப் பத்திப் பேசலாம்" என்றார். இவனோ, "பெரியப்பா, நாப்பது வயசுல பொடிப் பசங்களோட வரிசையில நிக்கவா? நான் கோட்டோனூவுக்கே பஸ் ஏறுறேன்" என்று பையைக் கட்டினான். "ஏறு ராசா, அங்கயும் உன்னை இக்போக்காரன்னுதான் கூப்பிடுவாங்க, என்னன்னு பதில் சொல்லுவே?" என்று கேட்டேன். பையைக் கீழே வைத்தான்.

நேற்று ஆட்டோடு சங்கத்துக்கு உள்ளே போனான். இன்று அனெக்வே பாட்டுகளைச் சொல்ல, பெனே சொலேன் அம்மாவுக்கு வரிவரியாகப் பிரெஞ்சில் சொன்னான். ஓரிடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டான். அந்த அம்மா கெஞ்சியும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார், அவன் அசையவில்லை. "இது பிரெஞ்சுல வராது, நம்ம பாஷையிலயும் வெளிய வராது பெரியப்பா. அந்த எடத்த வெறுமனே விடச் சொல்லி உகோன்மாவுக்கு எழுதுங்க" என்றான். அனெக்வே தன் கள்ளுக் குவளையை அவன் பக்கம் நகர்த்தினார்.

நம் முன்னோர் உன்னைக் காக்கட்டும், உன் பாதையில் முள் இல்லாதிருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. படித்தவர்கள் அந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்பச் சொல்வார்கள், நீயும் படித்தவள்தான். காலியாகவே அச்சடி.

உன் அப்பன்,
ஒசோமெனா