இடது அரை இஞ்ச்

சிதம்பரம்
8.10.2010

அன்புத் தங்கச்சிக்கு,

தீபாவளிக்குத் தைக்கச் சொல்லி நீ அனுப்பிய துணியையும் அளவு ஜாக்கெட்டையும் தைக்கக் கொடுக்காமல் கடலூருக்கே திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன மாதம் ஜாக்கெட் இறுக்குகிறதென்று டெய்லர் மரகதம் அக்காவிடம் போனேன். டேப் வைத்துப் பார்த்தவர், பழைய அளவு நோட்டைப் புரட்டினார். அம்மாவின் பக்கத்தில், ‘இடது அரை இஞ்ச் ஜாஸ்தி’ என்று இருந்தது. அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு. சின்னம்மாவின் பக்கத்திலும் அதே வரி, அதே பச்சை மை. என் பக்கத்தில் எழுதப்போனவர் பேனாவை மூடிவிட்டார்.

“உங்க வூட்டுல இத எழுதுன ரெண்டு பேரும் அடுத்த தீபாவளிக்குத் தைக்க வரல. நீ மொதல்ல டாக்டரப் பாரு,” என்றார்.

பார்த்தேன். என் கதையை நேரில் பேசிக்கொள்ளலாம். டாக்டரம்மா உன்னைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

“பொதுவா நாப்பது வயசுல ஆரம்பிப்போம். அம்மாவுக்கு நாப்பத்திரண்டுலயே வந்திருக்கு, அதனால பொண்ணுங்களுக்கு அந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே மார்பகப் படம் எடுக்கணும். கட்டி கைக்குத் தட்டுப்படட்டும்னு காத்திருக்கக் கூடாது.”

அடுத்த மாதம் உனக்கு முப்பத்திரண்டு.

நேற்று மரகதம் அக்கா, “தங்கச்சி அளவு வந்துடுச்சா?” என்று கேட்டார். என் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் உன் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். வரவில்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்போதே போய்ப் படம் எடுத்துவிடு.

உன் அக்கா