பச்சைக் கதவு

ஜூலை 8

வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். நேற்று என் மகள், தையற்கடை அம்மாவின் மகளை மணிக்கட்டில் கடித்துவிட்டாள். அந்தப் பிள்ளை செய்தது இவ்வளவுதான்: வகுப்புக் கதவைச் சாத்தியது.

உங்கள் சீட்டைப் படித்ததும் குண்டூசியை விசாரித்தேன். (ஒல்லி, கூர்மை, அதனால் வீட்டில் அந்தப் பெயர்.) "கடிச்சியா?" "கடிச்சேன்." "ஏன்?" "அவ கதவ மூடினா."

தையற்கடைக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டே "பிள்ளைங்க சண்டை, விடுங்க" என்றார்கள். அந்த விஷயம் அதோடு முடிந்தது.

உங்களுக்குத் தெரியும், நான் பழைய கதவு ஜன்னல் வாங்கி விற்கிறவன். இடிக்கிற வீடுகளிலிருந்து எடுத்து வந்து முற்றத்தில் நிறுத்துவோம். எந்நேரமும் நூற்றைம்பது கதவாவது நிற்கும், ஒன்றுக்கும் சுவர் கிடையாது. அதற்கு நடுவில் வளர்ந்த பிள்ளை கதவு விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் அனுப்பும் 'வீடும் பள்ளியும்' தாளில் நான் கடை முத்திரை குத்தி அனுப்புவதாகக் குறைபட்டிருந்தீர்கள். 'பார்வையிடப்பட்டது' என்பதுதான் அந்த முத்திரை. பார்த்துவிட்டுத்தான் குத்துகிறேன். 'இந்த வாரம் பிள்ளை எதற்கு அழுதாள், நீங்கள் என்ன செய்தீர்கள்' என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவள் அழுவதில்லை. அழாத பிள்ளைக்கு என்ன எழுதுவது?

பதிலை அவள் பையிலேயே உறையில் ஒட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கதவுக்கடைக்காரர்


ஜூலை 10

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடித்ததைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் கடிப்பார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் வகுப்பின் பழைய கதவைக் கரையான் தின்றுவிட்டதால், விடுமுறையில் உங்கள் கடையிலிருந்து ஒரு பச்சைக் கதவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பள்ளி திறந்த நாளிலிருந்து உங்கள் மகள் அந்தக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததில்லை. திறந்திருந்தாலும் தட்டுகிறாள். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு ஒரு தட்டு. தட்டிவிட்டுக் காது கொடுத்து நிற்கிறாள். பின்னால் வரிசை தேங்குகிறது. இடைவேளையில் யாரும் சாத்திவிடாதபடி தன் பையைக் குறுக்கே வைத்துவிட்டுப் போகிறாள்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது, எடுப்பார்களா எடுக்கமாட்டார்களா என்று நாம் நிற்போமே, அந்த முகம்.

போன வெள்ளிக்கிழமைத் தாளில் ஐந்து முகங்கள் இருந்தன. சிரிப்பது, அழுவது, கோபப்படுவது என்று. இந்த வாரம் உன் முகம் எது, அதற்கு வண்ணம் தீட்டு என்றேன். அவள் ஒன்றையும் தொடவில்லை. தாளின் மறுபக்கத்தில் ஒரு கதவு வரைந்தாள். "இதுல முகம் எங்கம்மா?" என்று கேட்டேன். "பின்னாடி இருக்கு டீச்சர்" என்றாள்.

அந்தத் தாளிலும் உங்கள் முத்திரை இருக்கிறது, ஐயா.

உங்கள் வீட்டில் அப்படித் தட்டுகிறவர் யார்?

அன்புடன்,
நான்காம் வகுப்பு ஆசிரியை


ஜூலை 11

டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். தாளைத் திருப்பிப் பார்க்காதது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

தட்டுவது எங்கள் தொழில். கதவு வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பார்ப்போம். உள்ளே மரம் உயிரோடு இருந்தால் கணீரென்று வரும். பூச்சி தின்றிருந்தால் பொத்தென்று விழும். எனக்குப் பத்து தட்டு வேண்டும். என் மனைவிக்கு மூன்று போதும். இரண்டு தட்டிவிட்டு நிற்பாள், பிறகு ஒன்று. "முதல் ரெண்டும் கேள்வி, கடைசி ஒண்ணு நம்ம முடிவு" என்பாள். அவள் நல்லது என்று சொன்ன கதவு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவள் போய் மூன்று வருடமாகிறது, பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கும். என் அக்கா எங்களோடு இருந்து குண்டூசியைப் பார்த்துக்கொள்கிறாள்.

ஆக, பிள்ளை அம்மாவின் தொழிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் கதவு உங்களுக்கு இடைஞ்சல் என்றால் நாளைக்கே கழற்றிவிட்டு வேறு மாட்டித் தருகிறேன். தேக்கு, ஒட்டு இல்லை, முடிச்சு இல்லை. ஆள், கூலி எல்லாம் என் பொறுப்பு. காலையில் பிள்ளைகள் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

இப்படிக்கு,
கதவுக்கடைக்காரர்


ஜூலை 14

அன்புள்ள ஐயா,

வேண்டாம். இந்தக் கதவைக் கழற்றினால் அவள் அதைத் தேடிக்கொண்டு கிளம்புவாள். தவிர, ஒரு வகுப்புக் கதவை இவ்வளவு அவசரமாக மாற்ற ஒரு வியாபாரி ஏன் துடிக்கிறார் என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது.

நேற்று அவளிடம் தனியாகக் கேட்டேன். "தட்டினா என்ன ஆகும்?" என்றேன். "முன்னாடி பதில் வரும் டீச்சர்." "முன்னாடின்னா?" "எங்க முற்றத்துல இருந்தப்ப. இதே கதவுதான்." "பதில் யாரு சொல்வாங்க?" என்றதற்கு, இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மதியம் பிள்ளைகள் விளையாடப் போனபோது கதவைச் சாத்திவிட்டு அவள் மாதிரியே தட்டிவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சரக்கு எடுக்கும்போது எங்கே பழுது என்று நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? நானும் கேட்கிறேன். அந்த முற்றத்தில் பதில் சொன்னது யார்?

துக்கம் என்றால் என்ன, அதை வாயால் எப்படிச் சொல்வது, பிறர் துக்கத்தில் எப்படிப் பக்கத்தில் உட்காருவது, இதையெல்லாம் இருபத்தேழு பிள்ளைகளுக்கு என்னால் சொல்லித்தர முடியும். அதே பாடத்தை வீட்டில் ஒருவர் தலைகீழாகச் சொல்லித்தந்தால் என்னால் முடியாது. நீங்கள் இல்லாமல் இது நடக்காது.

அன்புடன்,
நான்காம் வகுப்பு ஆசிரியை


ஜூலை 17

டீச்சர்,

மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

என் மனைவியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த மறுவாரம் கடை திறந்தேன். ஒரு வாடிக்கையாளர் ஜன்னலுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். குண்டூசி, அப்போது ஆறு வயது, சட்டையைப் பிடித்து இழுத்து "அம்மா எங்கப்பா?" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒரு கதவு வழியா அந்தப் பக்கம் போயிட்டாம்மா." நூற்றைம்பது கதவுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் பிள்ளையிடம் சொல்கிற வார்த்தையா அது?

அன்று சாயங்காலமே முதல் வரிசையிலிருந்து தட்ட ஆரம்பித்துவிட்டாள். அம்மா மாதிரியே. இரண்டு, ஒன்று. அடுத்த கதவு. இரண்டு, ஒன்று. இரண்டு மாதம் இது நடந்தது. சிரிப்பில்லை, ஒழுங்காகச் சாப்பாடில்லை. என் அக்கா "மந்திரிச்சு விடலாமா" என்று கேட்கும் அளவுக்கு இளைத்துவிட்டாள்.

ஒரு நாள் நான் அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழைய பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்து தட்டினாள். இரண்டு, நிறுத்தம், ஒன்று. என் கை திருப்பித் தட்டியது. தட்டலாம் என்று நான் யோசிக்கக்கூட இல்லை. பிறகு சிரித்தாள். டீச்சர், இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

பிறகு வாரம் ஒரு முறை. அப்புறம் இரண்டு முறை. அவள் வரும் நேரம் பார்த்து நானே பின்னால் போய் நின்றுகொள்வேன். கதவை இரண்டு கட்டைமேல் நிறுத்தி, விற்பனைக்கு இல்லை என்று சாக்கட்டியால் எழுதி வைத்தேன். போலிச் சரக்கு என்று தெரிந்தே என் பிள்ளைக்கு விற்றேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வருடம் ஒரு நாள் தட்டும்போது என் கையைப் பார்த்தேன். விரலை என் மனைவி மடக்குகிற மாதிரி மடக்கியிருந்தேன். கட்டைவிரல் உள்ளே. நான் ஒருநாளும் அப்படி மடக்கியதில்லை. பயந்துவிட்டேன். அந்த வாரமே பள்ளியிலிருந்து கதவு கேட்டு ஆள் வந்தது. இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்காமல் நான் எந்தக் கதவையும் கொடுத்ததில்லை. அன்று கேட்கவில்லை. குண்டூசியின் வகுப்புக்கே போகும் என்று யார் கண்டது?

நான் இதை அவளிடம் எப்படிச் சொல்வது? பதில் சொன்னது அப்பாதான் என்றால், அவள் அம்மா இரண்டாம் தடவை சாவாள். எப்படிச் செய்வதென்று நீங்கள் எழுதுங்கள், செய்கிறேன். அதுவரை அவளுக்குத் தெரிய வேண்டாம்.

கதவுக்கடைக்காரர்


ஜூலை 18

ஐயா,

இதைப் பள்ளிக் காவலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் கடிதங்களை அவள் பையில் அனுப்பியது நம் இருவருடைய தவறும்தான்.

இன்று காலை அவள் நீட்டிய உறையில் பசை காயவே இல்லை. எங்கள் கைவேலைப் பெட்டியில் இருக்கும் பசையின் வாசனை. நடைபாதையில் உட்கார்ந்து பிரித்துப் படித்துவிட்டு, திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். நேர்த்தியாகத்தான் ஒட்டியிருந்தாள்.

அழவில்லை. வாய்ப்பாடு சொன்னாள். இடைவேளையில் பையைக் குறுக்கே வைக்கவில்லை. மதியம் தானே எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள், மெதுவாக, தூங்குகிற வீட்டில் சாத்துகிற மாதிரி. பிறகு என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், எங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க எழுத வேணாம். நானே சொல்லிக்கிறேன்."

எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இன்று சாயங்காலம் கடையை அடைத்துவிடுங்கள். அவள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். முத்திரை குத்திவிடாதீர்கள்.

நான்காம் வகுப்பு ஆசிரியை


ஜூலை 19

டீச்சர்,

நேற்று நாலரைக்கு வந்தாள். ஷட்டரை இறக்கிவிட்டு முற்றத்தில் காத்திருந்தேன். நேராகப் பச்சைக் கதவு நின்ற இடத்துக்குப் போனாள். மூன்று வருடம் நின்ற இடம், சிமெண்டில் இரண்டு கட்டையின் அடையாளம் இன்னும் வெளுப்பாக இருக்கிறது.

"அப்பா, அந்தக் கதவுக்குக் கீழ சந்து இருக்கும்."

"ஆமா."

"உங்க செருப்பு தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது தடவலேர்ந்து."

"அப்புறம் ஏன்டி தட்டிக்கிட்டே இருந்த?"

"நீங்க பின்னாலேர்ந்து வரும்போது மூஞ்சி நல்லா இருக்கும். மத்த நேரத்துல நல்லாவே இருக்காது."

யோசித்துப் பாருங்கள் டீச்சர். ஒன்பது வயதுப் பிள்ளை, மூன்று வருடமாக எனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதுகூட எனக்காகவா என்று கேட்க வாய் வரவில்லை.

"எல்லாம் தெரிஞ்சும் ஸ்கூல்ல ஏன்மா அந்தப் பொண்ணக் கடிச்ச?" என்றேன்.

ரொம்ப நேரம் கட்டையின் அடையாளத்தைக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"ஒரு தடவ செருப்பு இல்லப்பா."

"எப்போ?"

"நீங்க லாரில மரம் ஏத்தப் போயிருந்தீங்க. அத்த உள்ள இருந்தாங்க. நான் சும்மா தட்டினேன். பதில் வந்துச்சு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. குனிஞ்சு பார்த்தேன். யாருமே இல்ல. வந்து உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க கதவ வித்துட்டீங்க."

அதற்கு எனக்கு நூறு பதில் தெரியும். வெயில் இறங்கினால் பழைய மரம் சுருங்கிச் சத்தம் போடும். பல்லி ஓடும். உள்ளே வண்டு இருந்தால் எண்ணித் தட்டுகிற மாதிரியே கேட்கும். எல்லாம் உண்மை. வாயைத் திறந்தேன். நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

கதவைப் பற்றி யார் கேட்டும் நான் இதுவரை சொல்லாத வார்த்தை.

பிறகு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா செத்துப்போனாள் என்று சொன்னேன். அந்த வார்த்தையையே சொன்னேன். காலை பத்து மணிக்கு. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஜில்லென்று இருந்தது. எந்தக் கதவு வழியாகவும் போகவில்லை. அந்த வார்டில் கதவே கிடையாது, நீலத் திரைதான். குண்டூசி அழுதாள். முதலில் சின்னதாக, பிறகு முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி. நானும்தான். அக்கா உள்ளிருந்து ஓடிவந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைத் தாளில் கேட்டிருந்தீர்களே, எதற்கு அழுதாள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. இதுதான் அதற்குப் பதில்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பேரத்துக்கு வந்தாள். என் பிள்ளைதான், சந்தேகமில்லை. முடிவானதை எழுதுகிறேன். நீங்கள் சாட்சி.

கதவு பள்ளியிலேயே இருக்கும். மூடலாம், தாழ்ப்பாள் போடக் கூடாது. தையற்கடைப் பிள்ளையிடம் அவளே போய் மன்னிப்புக் கேட்பாள், நான் கேட்டது கணக்கில் சேராதாம். வெள்ளிக்கிழமைத் தாளை நான் என் கையால் எழுத வேண்டும், முத்திரை கூடாது. இனி நான் எந்தக் கதவைத் தட்டினாலும் "அப்பா" என்று வாயால் சொல்லித்தான் தட்ட வேண்டும்.

இதற்கு அவள் கேட்ட விலை: புதன்கிழமைதோறும் நாலரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு நான் உங்கள் வகுப்புக்கு வர வேண்டும். அவள், நீங்கள், நான், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். அரை மணியாகக் குறைக்கப் பார்த்தேன், அசையவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டோம், முடியாதென்றால் எழுதுங்கள். ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் யாராவது பெயர் சொல்லாமல் தட்டினால், எழுந்து போய்த் திறப்பது நான்.

இப்படிக்கு,
குண்டூசியின் அப்பா