கை பொறுக்கும் சூடு

போயானா,
6 ஆகஸ்ட் 2006, உருமாற்றத் திருநாள்

அன்புத் தம்பி இலாரியேவுக்கு,

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன்.

ஃபோன் பண்ணலாமே என்பாய். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், கேட்க வந்தது நின்றுபோகும். தவிர, நீ எழுதும் தாளை வண்டிக்குப் பக்கத்தில் விரித்துவைத்து நான் வேலை பார்க்க வேண்டும்.

நிக்கோதிமின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு டுரினிலிருந்து மரப்பெட்டியில் அனுப்பினாயே, அந்த மலை மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன். அக்டோபர் இருபதோடு என் பிள்ளை போய் ஒரு வருடம். அன்று அவன் பொருளையெல்லாம் உயிரோடிருப்பவர் கையில் கொடுத்தாக வேண்டும். இங்கே கொடுப்பதுதான் அங்கே அவனுக்குப் போய்ச் சேரும். உடுப்பு, கட்டில், தட்டு, கரண்டி எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கரண்டிமேல் அவனுக்கு என்ன ஆசை? ஆசையெல்லாம் வண்டிமேல்தான். ஆனால் ஓடாத வண்டியைக் கொடுத்தால் அங்கேயும் அவனுக்கு ஓடாத வண்டிதானே கிடைக்கும்.

பாதிரியார் சிரிக்கிறார். "ரொட்டியும் மெழுகுவர்த்தியும் போதும்மா. மேல அவனுக்குப் பெட்ரோல் யாரு ஊத்துவா?" என்றார். "ஒரு கேன் சேத்தே குடுக்கிறேன் சாமி" என்றேன். உன் அத்தான் சிரிப்பதில்லை. "அந்த இரும்பைப் பள்ளத்துல தள்ளு" என்பதைத் தவிர அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

வண்டியின் நோய் இது. காலையில் மூன்றாவது உதையில் கிளம்புகிறது. மாவு மில் வரை நன்றாகப் போகிறது. சிலுவை மேட்டு ஏற்றத்தில் அடுப்பாகக் கொதித்து நின்றுவிடுகிறது. அப்புறம் எத்தனை உதைத்தாலும் உயிர் வருவதில்லை. ஆறின பிறகுதான் எழுகிறது. அன்றைக்கும் பட்டியிலிருந்த அப்பாவுக்கு ஆட்டுக்கான உப்பு கொண்டுபோன பிள்ளையை இப்படித்தான் பனியில் நிறுத்தியிருக்கும். ஆட்டுப்பட்டி கூப்பிடு தூரம். ஏன் நடந்து போகாமல் வண்டியருகே உட்கார்ந்தே விறைத்துப்போனான் என்று ஊரில் இன்றும் கேட்கிறார்கள்.

நீ மெக்கானிக். வழி சொல்லு.

உன் அக்கா,
பரஸ்கீவா


டுரின்,
19 ஆகஸ்ட் 2006

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். ராத்திரி தூக்கம் இல்லை.

அக்கா, அத்தான் சொல்வதே சரி. பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடு. திவசத்துக்கு அவன் பேரில் ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடு, நான் பணம் அனுப்புகிறேன். அந்த வண்டியைத் தொட்டுத் தொட்டு நீ ஏன் நோக வேண்டும்?

கேட்க மாட்டாய், தெரியும். சரி, மூன்று காரியம் பார். முதலில் ஆயில்: அளவுக் குச்சியில் இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்க வேண்டும். அடுத்து, இன்ஜினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் உண்டு. காற்று பட்டு இன்ஜின் ஆறுவது அவற்றால்தான். அதில் சேறு அடைத்திருந்தால் சுரண்டி எடு. மூன்றாவது, பெட்ரோல் மூடியில் ஊசிமுனைத் துளை இருக்கும். அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது, வண்டி நின்றுபோகும்.

பெரும்பாலும் இதில் சரியாகிவிடும்.

உன் தம்பி,
இலாரியே


போயானா,
30 ஆகஸ்ட் 2006

அன்புத் தம்பி,

சைக்கிள் வேண்டாம். மலையில் சைக்கிள் வைத்து அவன் என்ன செய்வான்?

வீட்டுக் கணக்கு எழுதும் பழக்கத்தில் வரிசையாகவே எழுதுகிறேன். ஆயில் சரியாக நின்றது. தகடுகளுக்கு நடுவே சேறு கல்லாகியிருந்தது. பின்னல் ஊசியால் சுரண்டினேன், உள்ளே தேவதாரு இலைகள்கூட இருந்தன. கடைசியாக அவன் போன வழியின் மண். வெளியே கொட்ட மனம் வராமல் ஜன்னலோரப் பூந்தொட்டியில் போட்டேன். மூடித் துளையையும் குத்திவிட்டேன்.

முக்காட்டை இறுக்கிக் கட்டி, அவன் பூட்ஸில் துணி அடைத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சிலுவை மேட்டில் மறுபடி நின்றது. வேலியோரம் உட்கார்ந்திருந்தபோது வைக்கோல் வண்டியில் வேத்தா வந்தாள். "என்னடி பரஸ்கீவா, இந்த வயசுல மாப்பிள்ளை தேடிக் கிளம்பிட்டியா?" "மாப்பிள்ளை கெடைச்சுட்டான்டி. ஏத்தத்துலதான் மூச்சு வாங்குறான்." இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு வருடத்தில் அதுதான் என் முதல் சிரிப்பு. அவள் போன பிறகு அதற்காக ஜெபமாலை சொன்னேன்.

ஒன்று கேட்க வேண்டும். நின்ற பிறகு எவ்வளவு நேரம் ஆற விட வேண்டும்? அது தெரியாமல் உதைத்து உதைத்துக் கால் வீங்கிவிட்டது.

அக்கா


டுரின்,
9 செப்டம்பர் 2006

அன்பு அக்காவுக்கு,

சூட்டோடு உதைக்காதே. பெட்ரோல் நிறைந்து, இன்னும் கிளம்பாது. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி பக்கத்திலேயே உட்கார். கையுறையைக் கழற்றி, வெறுங்கையை இன்ஜின் மேல் வை. ஒரு கர்த்தர் ஜெபம் சொல்லி முடிக்கும்வரை கை பொறுத்தால் ஆறிவிட்டது, அப்போது உதை. பொறுக்காவிட்டால் காத்திரு. வண்டியை விட்டுவிட்டு எங்கும் போகாதே. நிக்கோதிமுக்கும் இதைத்தான் சொல்லியிருந்தேன். "சூடாகுது மாமா" என்று இரண்டு தடவை ஃபோனில் சொன்னான். மலை வண்டி அப்படித்தான்டா, உட்கார்ந்து ஆறவிட்டு எடு என்றேன்.

இப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். நுனி காப்பி நிறத்தில் இருந்தால் நலம். சாம்பல் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று கூடிவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் வெந்துபோவது அதனால்தான். வெள்ளையாகத்தான் இருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, அது வழியாகத்தான் காற்று புகுகிறது. புதுக் குழாயைப் பார்சலில் அனுப்புகிறேன். பழையதை எடுக்கும்போது கறுப்பு டேப்பைப் பார்த்து உரி. வெடிப்பு அடிப்பக்கம் இருக்கிறது, கண்ணாடி பிடித்தால்தான் தெரியும்.

தம்பி


போயானா,
21 செப்டம்பர் 2006

தம்பி இலாரியே,

பிளக்கின் நுனி சுண்ணாம்பு வெள்ளை. நீ சொன்னபடிதான்.

முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் பிடித்தேன். கறுப்பு டேப் இருந்தது. உரித்தேன். வெடிப்பு இருந்தது, விரல் நகம் நுழையும் அளவு. எல்லாம் நீ சொன்னபடிதான். ஆணியடித்த பெட்டியில் வந்த வண்டி. இங்கே அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை. அவனுக்குக் கழுவத் தெரியும், ஓட்டத் தெரியும், கழற்றத் தெரியாது.

அதை விடு. உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். வெறுங்கையை வைக்கச் சொன்ன இடம் வந்ததும் "திருப்பி வாசி" என்றார். வாசித்தேன். அவனைக் கண்டெடுத்தது அவர்தானே. கையுறை இரண்டும் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தது. வலது கை இன்ஜின் மேல் இருந்தது. அந்தப் பனியில் எவன் கையுறையைக் கழற்றுவான், பிள்ளைக்குப் புத்தி பிசகியிருக்கும் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைத்து, அதற்கும் சேர்த்துத்தான் ஜெபித்து வந்தேன்.

"இன்ஜின் அரை மணியில ஆறியிருக்குமே. அப்புறமும் ஏன் உக்காந்திருந்தான்?" என்று கேட்டேன்.

உன் அத்தான் நாற்பது வருடம் மலையில் ஆடு மேய்த்தவர். "கை மரத்துப் போச்சுன்னா பனிக்கட்டியத் தொட்டாலும் நெருப்பாத்தான்டி சுடும். ஆறல, ஆறலன்னே இருந்திருப்பான்" என்றார். எழுந்து கொட்டகைக்குப் போனார். பள்ளத்தில் தள்ளப் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். சாக்கை எடுத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பெட்டியில் ஏற்றும்போதே உனக்குத் தெரியுமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

பரஸ்கீவா


டுரின்,
2 அக்டோபர் 2006

அக்கா,

பார்சல் வந்திருக்கும். அசல் கம்பெனிக் குழாய்தான். இரண்டு பக்கக் கிளிப்பையும் சமமாக இறுக்கு, ரொம்ப முறுக்காதே.

அந்தச் சமயம் அந்தக் குழாய் எங்கேயும் கிடைக்கவில்லை. பிறந்தநாளோ நெருங்கிவிட்டது. டேப் போட்டு இங்கே ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது மாற்றிவிடலாம் என்றிருந்தேன்.

நிக்கோதிம் நல்ல பிள்ளை அக்கா. சொன்னதைச் சொன்னபடி செய்வான்.

திவசத்துக்கு வர லீவு கிடைக்காது. படையல் கோதுமைக்கும் மெழுகுவர்த்திக்கும் பணம் அனுப்பியிருக்கிறேன். என் பேரிலும் ஒன்று ஏற்று.

இலாரியே


போயானா,
23 அக்டோபர் 2006

தம்பி இலாரியேவுக்கு,

திவசம் முடிந்தது. கோதுமை நல்ல பதத்தில் வெந்தது. நீ அனுப்பிய பணம் உறை பிரிக்காமல் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்.

குழாய் மாட்டினேன். கிளிப்பைச் சமமாகத்தான் இறுக்கினேன். திவசத்துக்கு முந்தின நாள் உன் அத்தான் பெட்ரோல் ஊற்றினார், நான் ஓட்டினேன். மில், சிலுவை மேடு, அதற்கும் மேலே, எங்கும் நிற்கவில்லை. அந்த இடத்தில் நானே நிறுத்தினேன். கையுறையைக் கழற்றி, கையை வைத்துக் கர்த்தர் ஜெபம் சொன்னேன். பாதியில் சுட்டது, எடுக்கவில்லை. கொப்புளம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் எழுத்து கோணல். பிறகு ஒரே உதையில் கிளம்பி, பட்டிவரை போய்த் திரும்பினேன்.

கோவில் முற்றத்தில் உடுப்பு, கட்டில், தட்டு, கரண்டி எல்லாம் கைமாறின. வாங்கினவர்கள் ஒவ்வொருவரும் "கடவுள் அவனை மன்னிக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். வண்டியின் ஹேண்டிலில் நான் நெய்த துண்டையும் மெழுகுவர்த்தியையும் கட்டி நிறுத்தியிருந்தேன். வேத்தாவின் மருமகன் இரண்டு தடவை சுற்றி வந்தான். "எனக்குக் குடுங்க பெரியம்மா, தெனமும் அவன நெனச்சுக்கிட்டே ஓட்டுவேன்" என்றான். "இதுக்கு ஆள் இருக்குப்பா" என்றேன்.

அந்த ஆள் நீதான், இலாரியே. உன் அத்தானும் சம்மதித்துவிட்டார்.

உன்னைச் சபிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் சபித்த வாயால் நற்கருணை வாங்க முடியாது. அதனால் கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு உதைக்கும் அவன் பெயரை நீ சொல்ல வேண்டும்.

இது தபாலில் போகிற பொருளில்லை, உனக்குத் தெரியும். கையில் வாங்க வேண்டும், வாயால் சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தியை இன்னும் ஏற்றவில்லை. வாங்குகிறவன் முன்னால்தான் ஏற்றுவது. வண்டி கொட்டகையில் சாக்கு போர்த்தி நிற்கிறது. உச்சியில் பனி விழுந்துவிட்டது. சீக்கிரம் பாதை அடைத்துவிடும்.

நீ வந்து வாங்கும்வரை பிள்ளை அங்கே நடந்துகொண்டுதான் இருப்பான்.

உன் அக்கா,
பரஸ்கீவா