மூக்கில் ஏறாத தின்னர்

பிரியமுள்ள சேக்காளி செல்வத்துக்கு,

நீ போன பிறகு இங்கன எதுவும் மாறிவிடவில்லை. தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகக்காரர்கள், மை ரோலர் துடைக்க இன்னமும் என் கடையில் அந்தப் பழைய தின்னரைத்தான் கேட்கிறார்கள். கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே நீ ஒரு மாற்றுச் சரக்கு கலந்தாயே, அது என்ன ஆனது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல சேதி இல்லை.

மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற எத்தில் லாக்டேட், அதோடு கொஞ்சம் ஆல்கஹால். பழைய தின்னர் மாதிரி நெஞ்சை அடைக்காது. அதன் பாகுநிலையைத்தான் மாதக்கணக்கில் அளந்தாய். ரொம்பக் கெட்டியானால் ரோலரில் ஒட்டிக்கொள்ளும், ரொம்ப இளகினால் மைக்குள் இறங்கிவிடும் என்பாய்.

"சரிபாதி கலந்தா கெட்டியும் சரிபாதிதானலே?" என்றேன், வியாபாரிக் கணக்காக. நீ சிரித்தாய்.

"மூலக்கூறு சொந்தக்காரங்க மாதிரிடே. ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும். வேத்தாள் நடுவுல புகுந்தா பிடி விட்டுரும். நீ கணக்குப் போட்டதைவிட வேகமா ஓடும்."

நீ இதில் இறங்கியதே பேச்சியம்மாளுக்காக. ரோலர் துடைத்துவிட்டுச் சாயங்காலம் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு அச்சகத்துப் படி இறங்குவாளே, அவளுக்காக. முதல் கேனை அங்கேதான் கொண்டுபோனேன். என்ன செய்தாள் தெரியுமா? அவளே அதில் பழைய தின்னரை ஊற்றிக் கலந்துவிட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"மூக்குல ஏறலியே அண்ணாச்சி. பழ வாசம்லா அடிக்கு. காரமில்லாத சரக்கு அழுக்கை எடுக்குமா? நீங்க தண்ணியைக் கலந்துட்டியளோன்னு நினைச்சேன்."

இந்த ஊரில் தின்னரை மோந்து பார்த்துத்தான் வாங்குவார்கள். கண் கரிக்காவிட்டால் கலப்படம். குழாயிலும் குப்பியிலும் அளந்தவன், ஒரு மூக்கை அளக்காமல் விட்டுவிட்டாயே.

நீ சொன்னபடியே வேற்றாள் புகுந்ததும் சரக்கு ஓடியது. மைக்குள் இறங்கி லேபிளெல்லாம் மை பரவி ஈசிப்போயிற்று. பழி உன் கலவைமேல். நீ பாகுநிலை அளக்கிற, அடியில் ஓட்டை போட்ட கப்பை எடுத்துப்போய், இரண்டையும் அச்சக முதலாளி முன்னால் ஊற்றிக் காட்டினேன். உன்னுடையது நிதானமாக இறங்கியது, தின்னர் சேர்ந்தது விறுவிறுவென்று ஓடியது.

"ரெண்டும் உம்ம கடைச் சரக்குதானவே" என்றார். "செத்துப்போன வாத்தியார் மருந்தை வச்சு எங்கிட்ட வியாபாரம் பண்ணாதீரும்."

பேச்சியம்மாள் ரோலர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் கலந்ததைச் சொன்னால் வேலை போய்விடுமே.

உன்மேலும் கோபம்தான். நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போனாயே, யாரைக் கேட்டுப் போனாய்? நீ சொன்னால் அது படித்தவன் பேச்சு. நான் சொன்னால் விற்கிறவன் பேச்சு.

ஒரு வாக்கு தருகிறேன். வாடைக்காக எதையாவது சேர்த்தால் உன் கலவை நாளைக்கே விற்கும், சேர்க்க மாட்டேன். அந்த அச்சகத்துக்கு இனிப் பழைய தின்னரும் கிடையாது. முதலாளி சாத்தூரில் போய் வாங்குவார், வாங்கட்டும். பேச்சியம்மாளுக்கு அதனால் ஒரு மூச்சுகூட லேசாகப் போவதில்லை. அவள் நெஞ்சில் ஏறுவது என் கடைச் சரக்காக இருக்காது, அவ்வளவுதான். இதற்குமேல் ஒரு வியாபாரியிடம் என்னத்தைலே எதிர்பார்க்கிறாய்?

உன் மகளுக்குப் பெரியப்பா,
உனக்கு என்றைக்கும் சேக்காளி,
ராசமணி